ஆடுகளமும் அறமும்: தென்னாபிரிக்காவுக்கு எதிரான விளையாட்டுத் தடை

விளையாட்டு வேறு, அரசியல் வேறு என்னுங் கூற்று நம்மிடையே நெடுங்காலமாக வழங்கி வருவது. மைதானத்தின் எல்லைக் கோட்டுக்குள்ளே குலமில்லை, சமயமில்லை, நிறமில்லை. ஆற்றலொன்றே அளவுகோல் என்பது அதன் கருத்து. கருத்து நல்லதே. ஆயின், ஒரு நாட்டின் அரசே அவ்வெல்லைக் கோட்டை மாற்றியிட்டு, இன்ன நிறத்தார் உள்ளே வரலாம், இன்ன நிறத்தார் வரலாகாது என விதி செய்யுமாயின், ஏனைய நாட்டார் செய்யத்தக்கது யாது? அவ்வரசின் அணியோடு கைகுலுக்கி ஆடுவதா? ஆட மறுப்பதா? மறுப்பின், அம்மறுப்பின் வலி யாரைச் சாரும்? குற்றஞ் செய்தோரையா, அன்றிக் குற்றமற்ற வீரரையா? இவ்வினாக்களுக்கு விடை காண்பதற்கு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே தென்னாபிரிக்காவுக்கு எதிராக விதிக்கப்பட்ட விளையாட்டுத் தடையினும் சிறந்த உதாரணம் பிறிதில்லை. அதனை ஒருவாறு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

தடையின் இருவகை

ஒரு நாட்டின்மீது பிற நாடுகள் விதிக்குந் தடை இருவகைப்படும். ஒன்று பொதுத் தடை. உணவு, எண்ணெய், வாணிபம் என யாவற்றையும் அடைத்துவிடுவது அது. அத்தகைய தடையினால், ஆள்வோரின் விருந்தில் ஒரு கறி குறையுமுன்னரே ஏழையின் அடுப்பு அணைந்துவிடுவதுண்டு. மற்றையது குறித்த தடை. ஒரு துறையை, ஒரு நிறுவனத்தை, அல்லது பொறுப்புடைய சிலரை மாத்திரம் நாடிச் செல்வது இது. விளையாட்டுத் தடை இவ்விரண்டாம் வகையைச் சேர்ந்தது. தொழில்முறை ஆட்டக்காரர் சிலர் நீங்கலாக, அது எவருடைய உணவையும் பறிப்பதில்லை, பெருமையையே பறிக்கின்றது. பெருமையைப் பெரிதாக மதிக்கும் ஆட்சியாளருக்கு அதுவே ஆழமான புண்ணாகும்.

தென்னாபிரிக்காவின் வெள்ளையர் அத்தகையோராய் இருந்தனர். றக்பியும் கிறிக்கெற்றும் அவர்க்கு வெறும் பொழுதுபோக்கல்ல. தம் இனத்தின் மேன்மைக்குச் சான்றாகவே அவற்றைக் கருதினர். ஆதலினாற்றான், எய்த அம்பு இலக்கிற் தைத்தது.

களத்திலே இட்ட கோடு

1948ஆம் ஆண்டிலே தேசியக் கட்சி அங்கு ஆட்சிக்கு வந்தது. இனவொதுக்கல் அன்றுமுதல் அரசின் கொள்கையாயிற்று. 1956ஆம் ஆண்டில் உள்நாட்டு அமைச்சர் டொங்கெஸ் விளையாட்டுக்குரிய கொள்கையை வெளியிட்டார். வெள்ளையரும் ஏனையோரும் தத்தம் விளையாட்டுக்களைத் தனித்தனியே நடத்தல் வேண்டும். நாட்டின் எல்லைக்குள் கலப்பணிகள் ஆடலாகாது என்பது அதன் சாரம். நாட்டின் பெயரால் உலக அரங்கிற்குச் செல்லும் அணிகள் வெள்ளையருக்கே உரியனவாயின. நாட்டு மக்களிற் பெரும்பாலோராகிய கறுப்பினத்தவரும், கலப்பினத்தவரும், இந்திய வம்சாவளியினரும் எத்துணை ஆற்றல் படைத்தவராயினும், பிறந்த நாட்டின் சின்னத்தை அணிய வழியில்லை. 1860 தொடக்கம் சென்னைத் துறைமுகத்திலிருந்து நேற்றாலின் கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறிய தமிழர் வழிவந்தோரும் இவ்வாறு புறத்தே நிறுத்தப்பட்டவருள் அடங்குவர்.

இவ்விதியின் இயல்பை ஒரு நிகழ்ச்சி நன்கு புலப்படுத்தும். டர்பனைச் சேர்ந்த பப்வா செவ்கோலம் என்னும் இந்திய வம்சாவளி வீரர், 1959, 1960 ஆகிய ஆண்டுகளில் ஒல்லாந்தின் பகிரங்க கொல்ப் போட்டியில் வென்றவர். 1963இல் நேற்றால் பகிரங்கப் போட்டியிலும் அவரே வெற்றி பெற்றார். வெற்றி பெற்றவர் கிண்ணத்தை எங்கே பெற்றார்? கழக மண்டபத்தினுள் வெள்ளையர் அமர்ந்திருக்க, வெளியே கொட்டும் மழையில் நின்று பெற்றார். அந்த ஒளிப்படம் உலகெங்கும் பரவியது. நூறு சொற்பொழிவுகள் செய்யாத வேலையை அது செய்தது.

கோரிக்கை எழுந்த இடம்

இத்தடை இலண்டனிலோ நியூயோர்க்கிலோ கருக்கொண்டதன்று. பாதிக்கப்பட்ட தென்னாபிரிக்கரே அதனை முதலிற் கோரினர் என்பதை நாம் மனத்திற் பதித்தல் வேண்டும். ஆசிரியருங் கவிஞருமாகிய டெனிஸ் புரூட்டஸ் முதலியோர் 1950களின் பிற்பகுதியிலே நிறபேதமற்ற விளையாட்டுக்கென ஒரு சங்கத்தை அமைத்தனர். அதன் வழியிலே பின்னர் நிறபேதமற்ற ஒலிம்பிக் குழுவும் எழுந்தது. புரூட்டஸ் அதற்காகக் கொடுத்த விலை சிறிதன்று. 1963இல் காவலரிடமிருந்து தப்ப முயன்றவேளை யொகானஸ்பேர்க் வீதியிலே சுடப்பட்டார். உயிர் பிழைத்துச் சிறைப்பட்டு, றொபன் தீவிலே கல்லுடைத்தார். விடுதலையான பின்னர் நாட்டை விட்டு நீங்கி, வெளிநாட்டிலிருந்தே பணியைத் தொடர்ந்தார். அவருக்குப் பின் அப்பணியை முன்னின்று நடத்தியவர், டர்பனிற் பிறந்த இந்திய வம்சாவளியினராகிய சாம் ராம்சாமி.

சம்மேளனங்கள் ஒவ்வொன்றாகச் செவிசாய்த்தன. 1956இல் சர்வதேச மேசைப்பந்தாட்டச் சம்மேளனம் வெள்ளையர் சங்கத்தை விலக்கி, நிறபேதமற்ற சங்கத்தை அங்கீகரித்தது. 1957இல் ஆபிரிக்க உதைபந்தாட்டக் கூட்டமைப்பின் முதற் கிண்ணப் போட்டி கார்ட்டூமிலே நடைபெற்றபோது, கலப்பணியை அனுப்ப மறுத்த தென்னாபிரிக்கா அதிற் பங்குபற்றவில்லை. பீபா என்னும் உலகச் சம்மேளனம் 1961இல் இடைநிறுத்தியது. 1963இல் அதனை நீக்கியது. 1964இல் மீண்டும் இடைநிறுத்தி, 1976இல் முற்றாக வெளியேற்றியது. சர்வதேச ஒலிம்பிக் குழு 1964இல் தோக்கியோவுக்கு விடுத்த அழைப்பை மீளப்பெற்றது. 1968இல் மெக்சிக்கோவுக்கு அழைக்க முனைந்து, பல நாடுகள் விலகுவோம் என எச்சரிக்கவே கைவிட்டது. 1970இல் உறுப்புரிமையை நீக்கியது. இவ்வரலாற்றின் ஏற்ற இறக்கத்தை நோக்குமிடத்து, சம்மேளனங்கள் தாமாகவே அறத்தின்பால் நடந்தன என்று கூறுதல் பொருந்தாது. மறுப்போர் தொகை பெருகப் பெருகவே அவை அசைந்தன.

"உறவாடித் திருத்தலாம்" என்ற வாதம்

தடையை எதிர்த்தோர் கூறிய நியாயம் ஒன்றுண்டு. நாம் அவர்களோடு ஆடினால் அவர்கள் நம்மைக் கண்டு திருந்துவர். ஒதுக்கினால் இன்னும் இறுகுவர் என்றனர். இக்கூற்றைச் சரித்திரத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்போம்.

1960இல் நியூசிலாந்தின் றக்பி அணி தென்னாபிரிக்காவுக்குச் சென்றபோது, தென்னாபிரிக்காவின் விருப்பத்திற்கு இணங்கி மாவோரி இனத்தவரை விட்டுவிட்டே சென்றது. உறவாடியதன் பயன் யாது? விருந்தாளியே தன் வீட்டில் நிறபேதத்தை ஏற்றுக்கொண்டதுதான். பின்னர் 1967இற் செல்லவிருந்த பயணத்தை நியூசிலாந்து கைவிட்டது. அதன்பின் 1970இல் மாவோரியர் அடங்கிய அணிக்கு வாயில் திறந்தது. அவர்களைக் கௌரவ வெள்ளையர் என்று வகுத்து ஏற்றனர். அப்பட்டம் நகைப்புக்குரியதே, எனினும், ஆடியபோது நெகிழாத விதி ஆட மறுத்தபோது நெகிழ்ந்தது என்பது தெளிவு.

பசில் டி ஒலிவேராவின் வரலாறும் இதனையே உரைக்கும். கேப்ரவுணிற் பிறந்த கலப்பினத்தவராகிய இவர், தாய்நாட்டில் வாய்ப்பின்றி 1960இல் இங்கிலாந்து சென்று, 1966இல் அந்நாட்டுக்காக ரெஸ்ற் ஆட்டத்தில் இறங்கினார். 1968 ஓகஸ்டில் ஓவல் மைதானத்திலே அவுஸ்திரேலியாவுக்கு எதிராக 158 ஓட்டங்கள் பெற்றார். அவ்வாறிருந்தும், தென்னாபிரிக்கா செல்லும் அணியில் அவர் பெயர் முதலில் இடம்பெறவில்லை. பிறிதொருவர் காயமுற்று விலகியபின் அவர் சேர்க்கப்பட்டார். உடனே தென்னாபிரிக்கப் பிரதமர் வோர்ஸ்ரர் அவ்வணியை ஏற்கமுடியாதென மறுக்க, பயணமே கைவிடப்பட்டது. விளையாட்டில் அரசியலைப் புகுத்தியவர் யார் என்ற வினாவுக்கு வோர்ஸ்ரரே விடையளித்துவிட்டார்.

1970இல் தென்னாபிரிக்கக் கிறிக்கெற் அணி இங்கிலாந்துக்கு வரவிருந்தது. தென்னாபிரிக்காவில் வளர்ந்து பெற்றோருடன் இங்கிலாந்துக்குப் புலம்பெயர்ந்த பீற்றர் ஹெயின் என்னும் இளைஞர் தலைமையில் எதிர்ப்பியக்கம் மூண்டது. அரசாங்கம் கேட்டுக்கொள்ளவே அப்பயணம் நீக்கப்பட்டது. 1971–72இல் அவுஸ்திரேலியாவுக்குச் செல்லவிருந்த பயணத்தை, பிரட்மன் தலைமையிலான அந்நாட்டுச் சபை நிறுத்தியது. இவ்வாறு 1970 மார்ச்சில் ஆடிய தென்னாபிரிக்கா, அதன்பின் இருபத்திரண்டு ஆண்டுகள் ரெஸ்ற் களத்தைக் காணவில்லை. 1971 ஏப்ரிலில் கேப்ரவுணின் நியூலன்ஸ் மைதானத்திலே வெள்ளை வீரர்களே, நிறத்தாலன்றித் திறமையாலேயே தெரிவு நடத்தல் வேண்டுமென வற்புறுத்தி, ஆட்டத்தினின்றும் சிறிதுநேரம் வெளிநடந்தனர். தனிமை தாக்கிய பின்னரே அக்குரல் எழுந்தது.

பெயர் குறித்த தடை

சம்மேளனங்கள் வாயிலை அடைத்தபோதும் பணம் வேறு வழி தேடிற்று. 1976 ஜூனில் சொவெற்றோவிலே மாணவர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட சில நாட்களுள், நியூசிலாந்து றக்பி அணி அங்கு ஆடச் சென்றது. அதன் விளைவாக, அவ்வாண்டு மொன்றியல் ஒலிம்பிக்கிலிருந்து பெரும்பாலும் ஆபிரிக்க நாடுகளாகிய இருபதுக்கு மேற்பட்டவை விலகின. 1977இல் பொதுநலவாய நாட்டுத் தலைவர்கள் கிளெனீகிள்ஸ் உடன்பாட்டின்படி, தத்தம் நாட்டார் தென்னாபிரிக்காவோடு விளையாட்டுறவு கொள்வதை ஊக்கங்குன்றச் செய்வதாக இணங்கினர்.

1980இல் ஐக்கிய நாடுகள் சபையின் இனவொதுக்கலுக்கு எதிரான விசேட குழு ஒரு பதிவேட்டைத் தொடங்கியது. தென்னாபிரிக்காவிற் சென்று ஆடியோரின் பெயர்கள் அதில் வெளியிடப்பட்டன. இங்கேதான் குறித்த தடையின் நுட்பம் காணப்படுகின்றது. ஒரு நாட்டின் வீரர் யாவரையும் தண்டியாது, சென்றவரை மாத்திரம் அது சுட்டியது. மேலும், இனிச் செல்வதில்லையென எழுத்தில் உறுதியளித்தோரின் பெயர் நீக்கப்பட்டது. குற்றத்துக்கு ஏற்ற கண்டனமும், திருந்துவோர்க்குத் திறந்த கதவும் ஒருங்கே அதில் இருந்தன. அப்பதிவேடு வெற்றுக் காகிதமாயும் இருக்கவில்லை. 1988இல், தென்னாபிரிக்கத் தொடர்புடைய கிரகம் கூச் முதலிய சிலர் அணியில் இருந்தமையால் இந்தியா நுழைவனுமதி மறுக்க, இங்கிலாந்தின் இந்தியப் பயணம் நின்றுபோயிற்று.

எனினும், வரிச்சலுகையின் துணையோடு தென்னாபிரிக்க நிறுவனங்கள் பொற்கிழியை நீட்டின. இங்கிலாந்து, மேற்கிந்தியா, அவுஸ்திரேலியா என்னும் நாடுகளிலிருந்து கட்டுமீறிய அணிகள் சென்றன. அவற்றுள் ஒன்று நம் நாட்டினின்றும் சென்றது. 1981இல் ரெஸ்ற் அந்தஸ்தைப் பெற்ற இலங்கை, 1982 பெப்ரவரியில் முதல் ரெஸ்ற் ஆட்டத்தை ஆடியது. அதே ஆண்டின் இறுதியில், அவ்வாட்டத்திலே தலைமை தாங்கிய பந்துல வர்ணபுரவின் தலைமையிலேயே ஓர் அணி தென்னாபிரிக்காவுக்குச் சென்றது. சென்ற வீரர்களுக்கு இலங்கைக் கட்டுப்பாட்டுச் சபை 25 ஆண்டுத் தடை விதித்தது. அத்தடை பின்னர் 1990களின் தொடக்கத்தில் நீக்கப்பட்டதாயினும், பலரது ஆட்ட வாழ்வு அதற்குள் முடிந்துவிட்டது.

இவ்விடத்தில் நாம் நடுநிலை தவறாது நோக்குதல் வேண்டும். அவர்கள் சென்றது தவறென்பதில் ஐயமில்லை. தம்மைப்போன்ற நிறத்தினரைப் புறந்தள்ளிய அரசின் பெருமைக்கு அவர்கள் தம் பெயரை வாடகைக்குக் கொடுத்தனர். ஆயினும், அதே ஆண்டிற் சென்ற இங்கிலாந்து வீரருக்கு விதிக்கப்பட்டது மூன்றாண்டுத் தடையே. மேற்கிந்தியர்க்கு ஆயுட்காலத் தடை. அத்தடையும் 1989இல் நீக்கப்பட்டது. ஒரே செயலுக்கு ஓரிடத்தில் மூன்றாண்டும், ஓரிடத்தில் இருபத்தைந்தாண்டும், ஓரிடத்தில் ஆயுளுமாயின், அத்துலாக்கோல் செம்மையானதென்று எவர் கூறுவர்? மூன்றாண்டு கழிந்தபின் இங்கிலாந்து வீரர் சிலர் மீண்டுந் தம் நாட்டுக்கு ஆடினர். வறிய நாட்டு வீரருக்கோ அவ்வாய்ப்பு இல்லை. தடையின் நோக்கம் எத்துணை உயர்ந்ததாயினும், அளவு ஒவ்வாதபோது அறத்தின் ஒளி மங்கிவிடுகின்றது.

விலை கொடுத்தோர்

விரும்பிச் சென்று தண்டனை பெற்றோர் ஒருபுறமிருக்க, செல்ல மறுத்து இழப்பை ஏற்றோரும் உளர். 1974இல் இந்திய ரெனிஸ் அணி டேவிஸ் கிண்ணத்தின் இறுதிப் போட்டிக்கு முன்னேறியது. சென்னையைச் சேர்ந்த விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர் அவ்வணியின் தூண்கள். எதிரே நின்றது தென்னாபிரிக்கா. இந்தியா ஆட மறுத்தது. கிண்ணம் ஆடாமலே தென்னாபிரிக்காவின் கைக்குச் சென்றது. இந்தியா அக்கிண்ணத்தை அதற்கு முன்னரும் வென்றதில்லை. அதற்குப் பின்னரும் வென்றதில்லை. மறுபுறத்திலே, உலகின் தலைசிறந்த துடுப்பாட்டக்காரருள் ஒருவராகிய தென்னாபிரிக்கர் பரி றிச்சர்ட்ஸ் நான்கே நான்கு ரெஸ்ற் ஆட்டங்களோடு அமைய நேர்ந்தது. இவர்களது இழப்பு மெய்யான இழப்பு. அதனை இல்லையென்று மறைப்பது நேர்மையன்று. ஆயின் ஒன்றை மறத்தலாகாது. றிச்சர்ட்ஸ் இழந்தது எஞ்சிய ஆட்டங்களை. ஆற்றலிருந்தும் ஓர் ஆட்டந்தானும் ஆடாது முதுமையெய்திய கறுப்பின வீரர் எத்தனை பேரென்று எவருங் கணக்கெடுத்தாரில்லை. அவர் பெயர்கள் ஓட்டப் பட்டியலில் ஏறவேயில்லை.

தடை நீங்கிய முறை

1990 பெப்ரவரி 11இல் நெல்சன் மண்டேலா விடுதலையானார். 1991இல் இனவொதுக்கலின் அடிப்படைச் சட்டங்கள் நீக்கப்பட்டன. விளையாட்டுச் சங்கங்கள் நிறபேதமின்றி ஒன்றாயின. அவ்வாண்டிலேயே ஒலிம்பிக் குழுவும் கிறிக்கெற் பேரவையும் தென்னாபிரிக்காவை ஏற்றன. மீண்டும் வந்த கிறிக்கெற் அணி முதலில் ஆடியது 1991 நவம்பரில் கல்கத்தாவில், இந்தியாவுக்கு எதிராக. 1992 மார்ச்சில், சீர்திருத்தந் தொடரவேண்டுமா என வெள்ளையரிடம் வாக்குக் கேட்கப்பட்டபோது, அவர்தம் அணி உலகக் கிண்ணப் போட்டியில் ஆடிக்கொண்டிருந்தது. வேண்டாமென்று வாக்களித்தால் மீண்டும் தனிமையே என்பதை அவர்கள் அறிவர். ஏறத்தாழ 69 வீதத்தினர் வேண்டுமென்றனர்.

விளையாட்டுத் தடை ஒன்றே இனவொதுக்கலை வீழ்த்தியது என்று நாம் கூறவில்லை. உள்நாட்டு மக்களின் போராட்டமும், பொருளாதாரத் தடையும், உலக அரசியலின் மாற்றமுமே பெருங் காரணங்கள். ஆயின், செய்தித்தாளில் அரசியற் பக்கத்தைப் புரட்டாத வெள்ளைக் குடியானவனும் விளையாட்டுப் பக்கத்தைப் புரட்டுவான். உலகம் தன்னை ஏற்கவில்லையென்பதை ஒவ்வொரு சனிக்கிழமையும் அவனுக்கு உணர்த்தியது இத்தடையே.

நாம் கொள்ளத்தக்க அளவுகோல்கள்

இவ்வரலாற்றிலிருந்து சில அளவுகோல்களை நாம் பெறலாம். முதலாவது, தடைக்கான கோரிக்கை துன்புறுவோரிடமிருந்தே எழுதல் வேண்டும். இரண்டாவது, அநீதி விளையாட்டையே தீண்டியிருப்பின் தடை மிகவும் பொருந்தும். நிறம் பார்த்து அணி தெரிந்த நாடு விளையாட்டின் விதியையே முறித்த நாடாகும். மூன்றாவது, தடை பொறுப்புடையோரை நாடிச் செல்லவேண்டும். நான்காவது, அது எப்போது நீங்குமென்பது முன்னரே கூறப்படல் வேண்டும். நிபந்தனை நிறைவேறியதும் நீங்கவும் வேண்டும். ஐந்தாவது, வலியோர்க்கும் மெலியோர்க்கும் ஒரே அளவு வேண்டும்.

இவற்றுள் மூன்றாவது பின்னர் மேலும் நுணுக்கமாக்கப்பட்டது. 1992இல் ஐக்கிய நாடுகளின் பாதுகாப்புச் சபை யூகோசிலாவியா மீது விதித்த தடையில் விளையாட்டும் அடங்கியது. அந்நாட்டு அணிகள் விலக்கப்பட்டன. தனிவீரர்களோ பார்சலோனாவில் ஒலிம்பிக் கொடியின்கீழ்ப் போட்டியிட்டனர். உக்ரேன் போரின் காரணமாக, 2024 பரிஸ் ஒலிம்பிக்கில் இரசிய, பெலாருஸ் அணிகளுக்கு இடமளிக்கப்படவில்லை. போரை ஆதரியாத தனிவீரர் சிலரே நடுநிலையாளராக ஏற்கப்பட்டனர். அரசு வேறு, ஆள் வேறு என்ற பகுப்பு இதிற் காணப்படுகின்றது. ஐந்தாவது அளவுகோலோ இன்னும் எட்டாக்கனியாகவே உளது. வல்லரசுகள் செய்யும் பிழைகளுட் சில தண்டிக்கப்படுகின்றன. பல கண்டுகொள்ளாது விடப்படுகின்றன. இக்குறையைக் காட்டித் தடையென்னும் கருவியையே எறிந்துவிடல் தக்கதன்று. எல்லார்க்கும் ஒப்ப அதனைப் பயன்படுத்துமாறு கேட்பதே தக்கது.

1995இல் தென்னாபிரிக்கா றக்பி உலகக் கிண்ணத்தை வென்றபோது, வெள்ளையரின் சின்னமாயிருந்த மேலாடையை அணிந்து மண்டேலா கிண்ணத்தை வழங்கினார். அவ்வணியில் வெள்ளையரல்லாதார் ஒருவரே இருந்தார். 2019இல் அதே கிண்ணத்தை உயர்த்திய தலைவர் சியா கொலிசி என்னும் கறுப்பினத்தவர். மக்களை நிறத்தால் வகுத்துப் பதிந்த சட்டம் நீக்கப்பட்ட 1991 ஜூன் மாதத்திலேயே பிறந்தவர் அவர். தடை வாயிலைத் திறக்க உதவும். அவ்வாயிலால் எல்லாரும் உள்ளே வருவதற்கு ஒரு தலைமுறைக் காலம் உழைத்தல் வேண்டும் என்பதை இவ்விரு காட்சிகளும் காட்டும்.

கல்லூரி மைதானத்தில் ஆடக் கற்ற நமக்கு, தோல்வியை முகமலர்ச்சியோடு ஏற்கும் பண்பு கற்பிக்கப்பட்டது. ஆடாது விடுவதும் சிலவேளைகளில் ஆட்டத்தைக் காப்பதாகும் என்பதையும் இன்றைய மாணவர் அறிதல் நன்று. ஆட்டத்தில் வென்ற ஒருவனை மழையில் நிறுத்திவிட்டு உள்ளே விருந்துண்ணும் மண்டபத்திற்கு நாமும் அழைக்கப்பட்டால், அழைப்பை ஏற்பதா மறுப்பதா என்பதை நாம் ஒவ்வொருவரும் இன்றே தீர்மானித்து வைத்திருத்தல் வேண்டும்.